பீப்பாய்கள் இறங்கிப் போன மலை
(ஹட்டனில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் புளித்த பானங்கள். மூன்று பானங்களைப் பற்றிச் சொல்லப் போகிறேன். ஒன்று இந்த மலையில் பிறந்து, இந்த மலையை விட்டு இறங்கிப் போனது. ஒன்று பெல்ஜியத்தில் செத்துப் பிழைத்தது. ஒன்று கித்துல்கலப் பக்கத்தில் ஏதோ ஒரு மரத்து உச்சியில் இந்த நிமிடமும் சொட்டிக்கொண்டிருக்கிறது. அதைச் சீவத் தெரிந்த கைகள்தான் குறைந்துகொண்டே வருகின்றன.

மதுவைப் பற்றிப் பேச ஹட்டன்தானா கிடைத்தது என்று உங்களில் சிலர் மனத்துக்குள் கேட்பது எனக்குத் தெரிகிறது. கேட்பதில் நியாயம் இருக்கிறது. கோ. நடேசய்யர் தொழிற்சங்கம் கட்டிய ஊர் இது. சம்பள நாள் சாயங்காலம் லயத்துப் பிள்ளைகள் எதற்குப் பயந்து பக்கத்துக் காம்பராவுக்கு ஓடுகிறார்கள் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கசிப்பு என்கிற கள்ளச்சாராயம் எத்தனை வீட்டு அடுப்பை அணைத்தது என்றும் சொல்ல வேண்டியதில்லை. 1912இல் கலால் சட்டம் வந்து புதிது புதிதாகக் கள்ளுத் தவறணைகள் திறக்கப்பட்டபோது, அதை எதிர்த்து நாடே எழுந்து நின்றது. அந்த எதிர்ப்பை நான் மதிக்கிறேன். குடிக்கச் சொல்லி ஒரு வார்த்தை கூட இன்று என் வாயிலிருந்து வராது.

ஆனால் குடி வேறு, வடிக்கும் தொழில் வேறு. குடியைப் பற்றி நாம் நிறையப் பேசிவிட்டோம். வடித்த கையைப் பற்றி யாராவது பேசினோமா? தண்ணீரும் தானியமும் காற்றும் காலமும் சேர்ந்து ஒரு சுவை உண்டாகிறதே, அந்த அறிவைப் பற்றி ஒரு பக்கமாவது எழுதி வைத்தோமா? இதுதான் என் கேள்வி. இந்தக் கேள்வியோடுதான் நான் இந்த மேடைக்கு ஏறியிருக்கிறேன்.

முதலில் நுவரெலியாவுக்குப் போவோம்.

சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆபிரிக்காவில் அல்பேட் ஏரியைக் கண்டவர் என்று உலகம் அவரை நினைவில் வைத்திருக்கிறது. அதற்கு முன்பே, 1848இல், அவர் நுவரெலியாவில் குடியேறினார். வேட்டை நாய்கள், மாடுகள், ஆடுகள், கொல்லன் என்று ஓர் ஆங்கிலக் கிராமத்தையே கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தார். 1849இல் பியர் வடிக்கவும் தொடங்கினார். சில ஆண்டுகளில், 1855இல், அவர் போய்விட்டார். வடிசாலை மிஞ்சியது. 1881 முதல் அது வணிக நிறுவனமாக நடந்தது. சிலோன் புரூவரி என்ற பெயரை இங்குள்ள மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

ஏன் நுவரெலியா? கொழும்பில் துறைமுகம் இருக்கிறது. மால்ட் என்கிற முளைவிட்ட வாற்கோதுமை கப்பலில் அங்கேதான் வந்து இறங்குகிறது. குடிப்பவர்களும் அங்கேதான் அதிகம். பிறகு எதற்கு இவ்வளவு தூரம் மலையேற்றினார்கள்?

தாய்மார்களே, இதற்கு விடை உங்கள் அடுப்படியில் இருக்கிறது. ஹட்டனில் மார்கழி மாதத்தில் தோசை மா பொங்குகிறதா? பொங்காது. அடுப்புப் பக்கம் சட்டியை நகர்த்தி வைக்கிறீர்கள். கொழும்பில் இருக்கும் உங்கள் மகளோ, விடிவதற்குள் மா பொங்கி வழிந்து புளித்துப் போகிறதே என்று தொலைபேசியில் குறைப்படுகிறாள். அரைத்த கை ஒன்று, அரிசியும் உளுந்தும் ஒன்று, ஊர் மட்டும் வேறு. பியரும் அப்படித்தான். குளிர்ப்பெட்டி இல்லாத காலத்தில், கொழும்பு வெயிலில், புளிக்க வைக்கிற நுண்ணுயிரான மதுவம் கட்டுக்கடங்காமல் வேலை செய்யும். கெட்ட வாடை எழும்பும், பானம் பாழாகும். நுவரெலியாவோ கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கும் மேலான உயரம். ஆங்கில முறையில் வடிக்கத் தேவையான குளிர்ச்சியை அந்த மலை சும்மா கொடுத்தது. லவர்ஸ் லீப் அருவித் தண்ணீரும் பக்கத்திலேயே இருந்தது. அதனால்தான் மால்ட் மலையேறியது. 1884இல் ஹட்டனுக்கும் அடுத்த ஆண்டு நானுஓயாவுக்கும் ரயில் வந்த பிறகு அந்தப் பாரம் ஏறிய பாதை, நாம் தினமும் பார்க்கும் இதே தண்டவாளம்தான்.

அங்கே வடித்தவற்றில் நான் பேச விரும்புவது ஸ்டவுட். கறுப்பு பியர். மாணவர்களுக்காகச் சொல்கிறேன். மால்ட்டைக் கருக வறுத்தால் அதன் சாறு காப்பி நிறத்துக்கு வரும், கசப்பும் கருப்பட்டி வாசமும் சேரும். இங்கிலாந்து, டென்மார்க், செக் நாட்டு மால்ட், கசப்புக்குப் போடும் ஸ்லோவேனியப் பக்கத்து ஹொப்ஸ், ஓர் ஆங்கில மதுவம், எல்லாம் இந்த வளைவு நெளிவான பாதையில் ஏறி வந்து இந்த மலைத் தண்ணீரில் சேர்ந்தன. மைக்கல் ஜாக்சன் என்று ஒருவர். பாடகர் வேறு, இவர் வேறு. உலகத்து பியர்களை எல்லாம் தேடிச் சுவைத்து எழுதியே வாழ்ந்த ஆங்கில எழுத்தாளர், 2007இல் மறைந்தார். அவர் இந்த மலைநாட்டு ஸ்டவுட்டைத் தேடி வந்து, உலகத்துக்கு எழுதிச் சொன்னார். அவர் எழுதித்தான் வெளிநாட்டில் பலருக்கு இது தெரிந்தது. நம்மில் யார் எழுதினோம்?

இங்கே ஒரு முக்கியமான விஷயம். அந்த ஸ்டவுட் போத்தலில் மட்டும் போகவில்லை. நுவரெலியாவிலும் கண்டியிலும் மரப் பீப்பாயிலிருந்து கைப்பம்பினால் இறைத்து ஊற்றினார்கள். பீப்பாய் பியர் என்பது உயிருள்ள பானம். வடிசாலையை விட்டுப் புறப்படும்போது அது முடிந்த பொருள் இல்லை. உள்ளே மதுவம் உயிரோடு இருக்கிறது, வழி முழுக்க வேலை செய்கிறது, கடை வந்து சேர்ந்த பிறகும் வேலை செய்கிறது. மரம் காற்றை நூலளவு உள்ளே விடும். அந்த நூலளவு காற்றில் புளிப்பு மெல்ல எழும். இளைஞனாக இருந்தபோது நான் கண்டியில் ஒரு கடையில் அதைக் குடித்திருக்கிறேன். நுரை கபில நிறம். முதலில் கருப்பட்டி, பிறகு கருகிய காப்பிக் கசப்பு. விழுங்கிய பின்னால், நாக்கின் இரண்டு ஓரத்திலும் பட்டும் படாமலும் ஒரு புளிப்பு. பீப்பாய் திறந்து இரண்டு மூன்று நாளானால் அந்தப் புளிப்பு கூடும். கடைக்காரருக்கு அது தெரியும், வழக்கமாக வருகிறவர்களுக்கும் தெரியும். எந்த நாளில் வர வேண்டும் என்று அவரவருக்கு ஒரு கணக்கு இருந்தது.

1990களின் பிற்பகுதியில் வடிப்பு மலையிறங்கி, கொழும்புக்குப் பக்கத்துப் பியகமவுக்குப் போனது.

பெயர் போனதா? இல்லை. போத்தலின் சிங்க முத்திரை போனதா? இல்லை. ஸ்டவுட் போனதா? அதுவும் இல்லை. 8.8 வீத மதுசாரத்தோடு இன்றும் வருகிறது, அமெரிக்கா வரை போகிறது, வெளிநாட்டுக்காரர்கள் புகழ்கிறார்கள். நிறுவனத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. துறைமுகம் பக்கம், பெரிய சாலை பக்கம், புதிய இயந்திரங்கள். மலையில் இருந்த பழைய கட்டடத்தில் அந்த அளவுக்கு வடித்திருக்க முடியாது. குளிரை இயந்திரம் கொடுக்கிற காலத்தில் மலையின் குளிருக்கு யாரும் விலை கொடுக்க மாட்டார்கள். இதெல்லாம் எனக்குப் புரிகிறது.

ஆனால் போனது எது? மரப் பீப்பாய் போனது. கைப்பம்பு போனது. அந்த மலைக் காற்றில் வடித்த கை போனது. இரண்டாம் நாள் புளிப்பும் மூன்றாம் நாள் புளிப்பும் போயின. தண்ணீர் கூட மாறிவிட்டது. நுவரெலியாத் தண்ணீர் நானுஓயா வழியாக மகாவலியில் விழுந்து திருகோணமலைக்குப் போகிறது. பியகமவுக்குப் பக்கத்தில் ஓடுவது களனி கங்கை. நம் காசல்ரீ, மவுசாக்கலைப் பக்கத்திலிருந்து இறங்குகிற கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் சேர்ந்து உண்டாகிற ஆறு. 2016 மே மாதத்தில் அதே களனி பெருகி அந்த வடிசாலைக்குள் புகுந்தது. உற்பத்தி மாதக்கணக்கில் நின்றது.

ஓர் ஊரை விட்டு வடிப்பு போனால் சுவை போய்விடுமா என்று கேட்பீர்கள். இந்தச் சபையில் அதைக் கேட்க வேண்டாம். தேயிலை மலையில் பிறந்தவர்கள் நீங்கள். திம்புளைத் தேயிலைக்கு ஜனவரி முதல் மார்ச் வரை ஒரு வாசம் வருகிறது. ஊவாவில் அது ஜூலைக்குப் பிறகு வருகிறது. ஒரே செடி, ஒரே இயந்திரம், காற்று மட்டும் மாறுகிறது. கொழும்பில் உட்கார்ந்து வாயில் உறிஞ்சித் துப்புகிற ருசிகாரர் அந்தக் காற்றுக்கு விலை சொல்கிறார். கொழுந்துக்கு உள்ள மரியாதை மற்றச் சுவைகளுக்கும் இருக்க வேண்டாமா?

சரி, இனி பெல்ஜியம்.

பிரசெல்ஸ் நகரத்திலும் அதன் தென்மேற்கில் சென் என்ற சிறிய ஆற்றை ஒட்டிய ஊர்களிலும் லாம்பிக் என்று ஒரு பியர் வடிக்கிறார்கள். உலகத்தில் பெரும்பாலான வடிசாலைகள் மதுவத்தைத் தாங்களே சேர்க்கும். டென்மார்க்கில் கார்ல்ஸ்பேர்க் ஆய்வுகூடத்தில் எமில் ஹன்சன் 1883இல் ஒரே ஒரு மதுவக் கலத்திலிருந்து தூய வளர்ப்பை உண்டாக்கிக் காட்டினார். அதிலிருந்து பியர் உலகம் முழுக்கத் தூய மதுவத்தின் பின்னால் போனது. லாம்பிக்காரர்கள் போகவில்லை. அவர்கள் மதுவமே போடுவதில்லை.

என்ன செய்கிறார்கள்? வாற்கோதுமை மால்ட்டோடு மூன்றில் ஒரு பங்கு போலப் பச்சைக் கோதுமை சேர்த்துக் காய்ச்சுகிறார்கள். கசப்பு வற்றிப்போன பழைய ஹொப்ஸைப் போடுகிறார்கள். காய்ச்சிய சாற்றை மாடியில் உள்ள அகன்ற, ஆழமில்லாத, ஓர் அறை அளவான செம்புத் தொட்டியில் ஊற்றி, ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்கப் போகிறார்கள். இரவுக் காற்றில் வருவது வரட்டும், மரக்கூரையிலிருந்து விழுவது விழட்டும். விடிந்ததும் பீப்பாயில் ஏற்றுகிறார்கள். கோடையில் கெட்ட கிருமிகள் மிகும் என்பதால் ஒக்டோபர் முதல் ஏப்ரல் வரை மட்டும்தான் வடிப்பு. பீப்பாய்க்குள் ஒரு கூட்டம் போக இன்னொரு கூட்டம் வரும். புளிப்பைக் கொடுக்கும் பற்றீரியாக்கள் ஒரு பருவம். பிறகு பிரெட்டனோமைசிஸ் என்ற முரட்டு மதுவம். 1904இல் கார்ல்ஸ்பேர்க்கைச் சேர்ந்த கிளாவுசன்தான் இதற்குப் பெயர் வைத்தார். அவர் இதை முதலில் கண்டது பெல்ஜியத்தில் இல்லை. மரத்தில் வைத்துப் பழகிய பிரித்தானிய பியர்களில். அந்த வழியில் பார்த்தால் நுவரெலியாப் பீப்பாய்க்கும் இந்தப் பீப்பாய்க்கும் ஒரு தூரத்துச் சொந்தம் உண்டு.

ஓர் ஆண்டு, இரண்டு ஆண்டு, மூன்று ஆண்டுப் பீப்பாய்களைக் கலந்து தடித்த போத்தலில் அடைத்தால் அது கூஸ். நிலவறையில் அது இருபது ஆண்டு கூடக் கிடக்கும். பழைய வீடுகளில் சிலந்தி வலையைக் கூட அடிப்பதில்லை. பழ ஈக்களைச் சிலந்தி பார்த்துக்கொள்ளும்.

பேர்செல் என்று ஓர் ஊர். அங்கே 1882 முதல் வாண்டர்வெல்டன் குடும்பம் லாம்பிக் வடித்தது. அவுட் பேர்செல் என்பது வடிசாலையின் பெயர். 2002இல் கடைசி வாரிசு வடிப்பை நிறுத்தினார். வருமானம் போதவில்லை, பின்னால் ஆளும் இல்லை. நம் ஊர்க் கதைதானே இது? கொல்லுப்பட்டறைக்கும் இதே கதை, கூத்து அண்ணாவிக்கும் இதே கதை.

அந்த வடிசாலை நிற்பதற்கு முன் அடைத்த ஒரு போத்தலைச் சுவைக்கிற பாக்கியம் எனக்குக் கிடைத்தது. பெல்ஜியத்தில் குடியேறிய நம் உறவினர் ஒருவர் வீட்டில், அவருடைய பெல்ஜிய நண்பர் கொண்டுவந்தார். போத்தலில் பெயர்த்தாள் இல்லை. பக்கவாட்டில் ஒரு வெள்ளைச் சாயக் கோடு மட்டும். நிலவறையில் படுத்துக் கிடந்தபோது எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று காட்டுகிற கோடு அது. அந்தக் கோடு மேலே இருக்கும்படியே ஒரு பிரப்பங்கூடையில் படுக்க வைத்துக் கொண்டுவந்தார். நிமிர்த்தவே இல்லை. நிமிர்த்தினால் அடியில் படிந்த மதுவம் கலங்கிவிடும். படுத்தபடியே தக்கையைத் திருகி எடுத்தார். பெரிய சத்தம் எதுவும் வரவில்லை. கண்ணாடிக் குவளைகளை வரிசையாக வைத்து, கையை ஒரு தடவையும் நிறுத்தாமல், ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஊற்றிக்கொண்டே போனார். கடைசி இரண்டு அங்குலத்தைப் போத்தலிலேயே விட்டுவிட்டார். அந்தக் கை எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது.

நிறம் மங்கிய பொன். நுரை வந்தது, நின்று பார்ப்பதற்குள் அடங்கியது. மூக்கில் ஈர வைக்கோலும் பழைய மரப்பெட்டியும். வாயில் வைத்தேன். தாடையின் இரண்டு மூலையும் கூசியது. இனிப்பு ஒரு பொட்டு இல்லை, மதுவம் அத்தனையையும் தின்று தீர்த்திருந்தது. கசப்பு இருந்த இடம் தெரியவில்லை. புளிப்புக்குப் பின்னால் உப்புக்கரிப்பு மாதிரி ஒன்று, அதன் பின்னால் காய்ந்த பழத்தோல் மாதிரி ஒன்று. நேரம் போகப் போகக் குவளையில் வாசம் மாறிக்கொண்டே இருந்தது. வடித்தவர் வடிப்பை நிறுத்தி ஆண்டுகள் ஆகிவிட்டன. போத்தலுக்குள் அவர் வேலை நிற்கவில்லை.

அந்த நண்பர் ஒன்று சொன்னார். இந்தப் போத்தல் தீர்ந்தால் இதே சுவை திரும்ப வராது, ஆனால் இது எப்படி உண்டானது என்று எங்களுக்குத் தெரியும் என்றார். உண்மைதான். கேர்ட் கிறிஸ்டியான்ஸ் என்ற இளைஞர், வடிசாலை நிற்கிறது என்று கேள்விப்பட்டு, பழைய உரிமையாளரிடமே தொழிலைக் கேட்டுக் கற்றார். 2005இல் அவுட் பேர்செல் திரும்பத் திறந்தது. சாறு அதன் பிறகு லெம்பேக் ஊரில் உள்ள பூன் வடிசாலையில், பழைய முறைப்படி காய்ச்சப்பட்டது. புளித்தது பேர்செலில், அந்தப் பழைய கட்டடத்துப் பீப்பாயில். காய்ச்சுவதை வெளியே விட்டாலும் விடுவார்கள், புளிக்கிற இடத்தை விட மாட்டார்கள். இதைக் கவனியுங்கள்.

ஹூகார்டன் ஊரின் கதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மெல்லிய புளிப்போடு கொத்தமல்லியும் ஆரஞ்சுத் தோலும் மணக்கும் வெள்ளைக் கோதுமை பியர் அந்த ஊரின் அடையாளம். 1950களில் கடைசி வடிசாலை மூடப்பட்டது. பால்காரர் ஒருவர், பியேர் செலிஸ் என்று பெயர், சிறு வயதில் அந்த வடிசாலையில் உதவிக்கு நின்றவர். 1960களின் நடுவில் தன் நினைவைக் கொண்டே அதை மீண்டும் வடித்தார். அது உலகப் புகழ் பெற்றது, பெரிய கம்பனியின் கைக்குப் போனது. 2005இல் அந்தக் கம்பனி வடிப்பை வேறு ஊருக்கு மாற்றப் போவதாக அறிவித்தது. ஊர் கொதித்தது. 2007இல் முடிவை மாற்றிக்கொண்டு ஹூகார்டனிலேயே வடிப்பை வைத்துக்கொண்டார்கள். நுவரெலியாவிலிருந்து பியகமவுக்குப் பீப்பாய் இறங்கியபோது இங்கே யார் கொதித்தோம்? நமக்கு அன்று வேறு ஆயிரம் கவலை இருந்தது, அது எனக்குத் தெரியும். பிரஜாவுரிமை, சம்பளம், யுத்தம். அதற்கு நடுவில் ஒரு கறுப்பு பியரை யார் நினைப்பார்கள்?

பெல்ஜியத்தின் பியர் பண்பாட்டை 2016இல் யுனெஸ்கோ மானுட மரபுப் பட்டியலில் சேர்த்தது. அது அவர்களுக்குப் பெருமை, வாழ்த்துவோம். ஆனால் திறந்த தொட்டியில் ஆற வைப்பது அவர்களுக்கு மட்டும் தெரிந்த வித்தை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

மாணவச் செல்வங்களே, பத்துப்பாட்டில் பெரும்பாணாற்றுப்படை படித்திருப்பீர்கள். தொண்டைமான் இளந்திரையனைத் தலைவனாக வைத்துக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. அதில் வலைஞர் குடியிருப்பில் கள் வடிக்கிற முறை வருகிறது. தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவுகிறார்கள். அதை வாய் அகன்ற பிழா என்கிற தட்டில் ஊற்றி ஆற வைக்கிறார்கள். பிறகு நல்லடை சேர்க்கிறார்கள். உரையாசிரியர்கள் அதை நெல்முளை என்கிறார்கள். நெல்முளை என்றால் என்ன? நெல்லின் மால்ட்! அதைச் சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் வைத்து, விளைந்ததும் விரலால் அலைத்துப் பிழிந்து எடுக்கிறார்கள். முளைவிட்ட தானியம், காய்ச்சிய களி, அகன்ற தட்டில் ஆறல், சாடியில் விளைதல். வடிசாலையில் வேறென்ன நடக்கிறது? மலைபடுகடாத்திலோ மலைவாழ் மக்கள் மூங்கில் குழாயில் தேன் தேறலை விளைய வைக்கிறார்கள். ஈராயிரம் ஆண்டுக்கு முன் நம் புலவன், ஒரு மீனவர் வீட்டுச் சாடியை இவ்வளவு கிட்டப் போய்ப் பார்த்து எழுதி வைத்தான். அந்த நெல் பியரை இன்று யாரும் வடிப்பதில்லை. ஆனால் ஒருவர் விரும்பினால் நாளைக் காலையே தொடங்கலாம். எழுதி வைத்ததால்!

இனி மூன்றாவது பானம். இதுதான் அவசரம்.

ஹட்டனிலிருந்து கொழும்பு வீதியில் இறங்குங்கள். வட்டவளை தாண்டி, கினிகத்தேனை தாண்டி, கித்துல்கல. பெயரிலேயே மரம் நிற்கிற ஊர். கித்துள் மரத்துக்கு விசித்திரமான ஆயுள். வளர வேண்டிய மட்டும் வளர்ந்து, உச்சியில் முதல் பாளை விடும். பிறகு ஒவ்வொன்றாகக் கீழ்நோக்கிப் பாளை விட்டுக்கொண்டே வரும். கடைசிப் பாளை முடிந்ததும் மரம் பட்டுப்போகும். பாளை விரியும் முன் அதன் அடியில் கீறி, மருந்து வைத்துக் கட்டுகிறார்கள். மிளகு, உப்பு, சுண்ணாம்பு, சாம்பல் என்று அந்த மருந்து ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறும், அப்பன் மகனுக்கு மட்டும் சொல்லுவான். சில நாள் கழித்துப் பாளையின் நுனியைக் காலையும் மாலையும் வெற்றிலை அளவு மெல்லிசாகச் சீவி, மண் முட்டியைக் கட்டுகிறார்கள். சாறு இனிக்கும். காய்ச்சினால் பாணி, இன்னும் காய்ச்சினால் கருப்பட்டி. காய்ச்சாமல் விட்டால்?

காய்ச்சாமல் விட்டால் அங்கே நடப்பது சென் ஆற்றங்கரையில் நடப்பதேதான். யாரும் மதுவம் போடுவதில்லை. காற்றில் இருப்பதும், பாளையில் இருப்பதும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பழைய முட்டியின் சுவரில் ஊறி இருப்பதும் வேலையைத் தொடங்கிவிடும். அவர்களுக்கு மூன்று ஆண்டு, நமக்கு ஒரு பகல். காலையில் இனிப்பு, மத்தியானம் நுரை, சாயங்காலம் தாடை கூசும் புளிப்பு, மறுநாள் காடிக்கு முகம் காட்டும். பெல்ஜியப் போத்தலைச் சுவைத்தபோது என் நாக்கு சட்டென்று அடையாளம் கண்டது இந்தப் புளிப்பைத்தான். பாணிக்கு வேண்டியவர்கள் சாறு புளிக்காமல் இருக்க ஹல் மரப்பட்டையை முட்டிக்குள் போடுவார்கள். புளிக்க வைக்கவும் தெரியும், புளிக்காமல் நிறுத்தவும் தெரியும். இது அறிவு இல்லையா? இது விஞ்ஞானம் இல்லையா?

இந்தத் தொழில் பெரும்பாலும் நம் தோட்டத்து எல்லையில் வாழும் சிங்களக் கிராமத்து மக்களுடையது. நம் ஆட்கள் அந்தப் பாணிக்கும் கருப்பட்டிக்கும் கள்ளுக்கும் தலைமுறை தலைமுறையாகப் போய் வந்தவர்கள். பிளாஸ்ரிக் கலன் வந்தது, முட்டி போகிறது. முட்டி போனால் அதன் சுவரில் குடியிருந்த மதுவக் கூட்டமும் போகும். மரம் ஏறுவது உயிரைப் பணயம் வைக்கிற வேலை. விழுந்தவனுக்கு நட்டஈடு கொடுக்க யாரும் இல்லை. மகனுக்கு அந்த வேலை வேண்டாம் என்று தகப்பனே சொல்கிறான். சொல்வது சரி. அந்த மகன் ஆடைத் தொழிற்சாலைக்குப் போகட்டும், கொழும்புக்குப் போகட்டும். மருந்துச் சூத்திரம் அவனோடு பஸ் ஏறிப் போய்விட வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

ஆகவே ஒரு வேலையைத் தொடங்கியிருக்கிறேன். அதற்கு உங்கள் உதவி வேண்டும்.

உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளைகள் கித்துள் சீவுகிறவர்களிடம் போய் உட்கார வேண்டும். தமிழில் கேளுங்கள், சிங்களத்தில் கேளுங்கள். எந்தப் பாளையைத் தெரிவு செய்வார்கள், மருந்தில் என்ன சேரும், முட்டியை எதில் கழுவுவார்கள், எதில் கழுவவே மாட்டார்கள், மழை நாளில் சாறு எப்படி மாறும், எந்த ஊர்க் கள் சீக்கிரம் புளிக்கும். சொல்ல விரும்பாததை வற்புறுத்திக் கேட்க வேண்டாம். அது அவர்கள் குடும்பச் சொத்து. சொல்வதைச் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள், யார் சொன்னார் என்பதையும் எழுதுங்கள்.

பெரியவர்களிடம் நான் கேட்பது நுவரெலியாவைப் பற்றி. இந்த மண்டபத்தில் அந்தப் பழைய வடிசாலையில் கூலி வேலை செய்தவர்கள் இருக்கலாம், அங்கே மால்ட் மூட்டை இறக்கியவர்களின் பிள்ளைகள் இருக்கலாம், பீப்பாய் லொறி ஓட்டியவர்கள் இருக்கலாம், நானுஓயா ஸ்டேஷனில் பாரம் தூக்கியவர்கள் இருக்கலாம். பீப்பாய்க்கு மரம் எங்கிருந்து வந்தது? பழுதானதை யார் பழுது பார்த்தார்கள்? எதைப் போட்டுக் கழுவினார்கள்? புளித்துப் போன பீப்பாய் திரும்பி வந்தால் என்ன செய்தார்கள்? மதுவத்தை ஒரு வடிப்பிலிருந்து அடுத்த வடிப்புக்கு எப்படிக் காத்தார்கள்? கைப்பம்பு இப்போது யார் வீட்டில் கிடக்கிறது? சின்ன விஷயம் என்று எதையும் ஒதுக்காதீர்கள்.

மண்டப வாசலில் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். பெயரையும் தோட்டத்தையும், வீட்டில் எந்த நேரம் இருப்பீர்கள் என்பதையும் எழுதிவிட்டுப் போங்கள். எழுத முடியாதவர்கள் பக்கத்தில் நிற்கும் மாணவனிடம் சொல்லுங்கள், அவன் எழுதுவான். ஞாயிற்றுக்கிழமைகளில் நானே வருகிறேன்.